மணல் நிரப்பிய கடற்கரை: பட்டாயா நாட்குறிப்பு

2025 பிப்ரவரி 10, திங்கள்

பட்டாயாவுக்குப் போகிறேன் என்றால் நம் ஊரில் உடனே ஒரு நமட்டுச் சிரிப்பு கிடைக்கும். மனைவியோடு போகிறேன் என்று சேர்த்துச் சொன்னால் சிரித்தவர்கள் முழிப்பார்கள். 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நான் முதன்முதலாக இங்கு வந்தது, கம்பெனி தன் டீலர்களைச் சுற்றுலா அழைத்துவந்த குழுவில் ஒருவனாக. அப்போது பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையம் திறக்கப்பட்டிருக்கவில்லை. பழைய விமான நிலையமான டான் முவாங்கில் இறங்கி, விசாவுக்காகக் கால் கடுக்க நின்று, எங்களுக்காகக் காத்திருந்த பேருந்தில் ஏறித் தூங்கிப்போனோம். இன்று காலை அந்த வரிசையே இல்லை. 2023 நவம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்றாகி, 2024 ஜூலையிலிருந்து தங்கும் காலம் 60 நாள்களாகவும் நீண்டுவிட்டது. கடவுச்சீட்டில் முத்திரை குத்திய அதிகாரி எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

விமான நிலையத்தின் தரைத்தளத்திலிருந்தே பட்டாயாவுக்குப் பேருந்து இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். சன்னலுக்கு வெளியே தொழிற்சாலைகளும் கிடங்குகளும் கார் நிறுவனங்களின் மதில்களும் மாறி மாறி வருகின்றனவே தவிர, கடற்கரைக்குப் போகிறோம் என்பதற்கான அறிகுறி எதுவும் தெரிவதில்லை. இந்தக் கிழக்குக் கரையைத் தாய்லாந்து அரசு தன் பெரிய தொழில் மண்டலமாக வளர்த்துவருகிறது. பாங்காக்கின் இரண்டு விமான நிலையங்களையும் பட்டாயாவுக்குத் தெற்கே உள்ள ஊ தப்பாவ் விமான நிலையத்தையும் இணைக்கும் அதிவேக ரயிலுக்கு 2019இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. கட்டுமானம்தான் இன்னும் தொடங்கவில்லை.

எங்களைப் போன்றவர்கள் முதலில் கவனிக்கும் மாற்றம் பணப்பையில் இருக்கிறது. 2006இல் ஒரு பாட் வாங்க ஒன்றேகால் ரூபாய்கூட ஆகவில்லை. இன்று இரண்டரை ரூபாய்க்கு மேல் ஆகிறது. அப்போது விலை கேட்காமல் இளநீர் குடித்தோம். இன்று என் மனைவி ஒவ்வொரு விலையையும் இரண்டரையால் பெருக்கிய பிறகே தலையசைக்கிறாள், அல்லது அசைக்க மறுக்கிறாள்.

வடக்குப் பட்டாயாவில் ஒரு சந்துக்குள் இருக்கும் சிறிய விடுதியில் அறை எடுத்திருக்கிறோம். அதை நடத்தும் அம்மாள் நாட்டின் வடகிழக்குப் பகுதியான ஈசானிலிருந்து வந்தவர். இந்த ஊரில் சமைப்பவர், துடைப்பவர், மசாஜ் செய்பவர், பாரில் பரிமாறுபவர் என்று யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஈசான் என்றே பதில் வரும். பட்டாயாவை நடத்துவது கடலோரத்து மக்கள் அல்ல, நெல் வயல்களிலிருந்து வந்தவர்கள்.

மாலையில் கடற்கரைக்கு நடந்தோம். கடற்கரை அகலமாக இருந்தது. ஆச்சரியப்பட வேண்டியது அதுதான். நாளை விரிவாக எழுதுகிறேன்.

2025 பிப்ரவரி 11, செவ்வாய்

நான் முதலில் பார்த்த பட்டாயாக் கடற்கரை மணல்மேடு என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு பட்டை. அலை ஏறினால் பல இடங்களில் தண்ணீர் நடைபாதைச் சுவரைத் தொடும். மிச்சமிருந்த இடத்தைக் குடைகளும் சாய்வு நாற்காலிகளும் பிடித்துக்கொள்ளும். 1950களில் 30 மீட்டருக்கு மேல் அகலமாக இருந்த கரை அரை நூற்றாண்டுக்குள் தேய்ந்து அந்த நிலைக்கு வந்திருந்தது. 2018இன் இறுதியில் மறுபடி வந்தபோது, கடலில் மிதவைகள் நிற்க, கரையில் மண்வாரி இயந்திரங்கள் ஓட, ஒரு பாதி அடைக்கப்பட்டுக் கிடந்தது. கடல்சார் துறை வேறிடத்திலிருந்து மணலைக் கொண்டுவந்து கொட்டி, கரையை 35 மீட்டர் அகலத்துக்கு மீட்கும் வேலை அது. முடிந்த பகுதியை இன்றுதான் சாவகாசமாகப் பார்க்க வாய்த்தது.

காலை ஆறரை மணிக்குச் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வடக்கிலிருந்து தெற்காக நடந்தேன். மேல் மணல் சொரசொரப்பாக, சிப்பித் துண்டுகள் கலந்து, காலில் குத்துகிறது. ஒரு சாண் ஆழத்துக்குக் காலால் தள்ளினால் சாம்பல் நிறமாகிறது. மழைநீர் வடிகால்கள் கடலைப் பார்த்து வாய் திறக்கும் இடங்களில் மட்டும் கரை இன்னும் பள்ளம் விழுந்து கிடக்கிறது. காரணம் எளிது. ஊர் கிழக்கே சுகும்வித் நெடுஞ்சாலையிலிருந்து கடலை நோக்கிச் சரிந்து இறங்குகிறது. நடுவில் இருந்த திறந்த நிலமெல்லாம் கட்டடமாகிவிட்டதால், பெருமழை பெய்தால் நீர் நேராகக் கடற்கரைச் சாலைக்கு வந்து, கொட்டிய மணலை ஆழமாக அறுத்துக்கொண்டு கடலில் இறங்குகிறது. மணல் கொட்டத் தொடங்கிய ஆண்டிலேயே அப்படி அறுத்தது. பிறகும் ஒவ்வொரு பெருமழைக்குப் பின்பும் இயந்திரம் வந்து மணலைத் தள்ளிப் பள்ளத்தை மூடுகிறது. கோடைக்கு முந்தைய இந்த வறண்ட மாதத்தில்கூட ஓர் இயந்திரம் மூலையில் நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் நிழலில் அமர்ந்து பொட்டலத்திலிருந்து ஒட்டுச் சோறும் பொரித்த கோழியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இந்த ஊரைப் பற்றி எனக்குள் பல நாளாக இருந்த எண்ணம் அங்கே உறுதிப்பட்டது. பட்டாயா ஒருமுறை கட்டி முடிக்கப்பட்ட ஊர் அல்ல. ஓயாமல் பழுது பார்க்கப்படும் ஊர். யார் அதிகமாகச் செலவழிக்க வருகிறார்களோ அவர்களுக்காகப் பழுது பார்க்கப்படும் ஊர் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். மீனவர்களின் சிற்றூராக இருந்த இடத்துக்கு 1959இல் வடகிழக்கே இருக்கும் கோராத் தளத்து அமெரிக்கப் படைவீரர்கள் ஓய்வெடுக்க வந்தார்கள். வியட்நாம் போரின்போது ஊ தப்பாவில் ஓடுபாதை அமைந்து, குண்டுவீச்சு விமானங்கள் நிலைகொண்டதும், வார விடுமுறைக் கூட்டம் நிலையான தொழிலாக மாறியது. 1976இல் அமெரிக்கர்கள் வெளியேறியபோது மதுக்கூடங்கள் மூடப்படவில்லை; பேசும் மொழியை மாற்றிக்கொண்டன. ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் வந்தார்கள், சோவியத் யூனியன் உடைந்தபின் ரஷ்யர்கள், பிறகு பேருந்து பேருந்தாகச் சீனர்கள், இப்போது நாம். 2024இல் தாய்லாந்துக்கு வந்த மூன்றரைக் கோடிப் பேரில் ஏறத்தாழ 21 லட்சம் பேர் இந்தியர்கள். சீனாவுக்கும் மலேசியாவுக்கும் அடுத்த இடம்.

அந்த மூன்றாம் இடம் எப்படி இருக்கும் என்பதை இரவில் வாக்கிங் ஸ்ட்ரீட்டில் பார்த்தோம். மாலை ஆனதும் வாகனங்களைத் தடுத்துவிடும் அந்தத் தெருவில், 2006இல் இந்தியர் என்றால் ஓரமாக நடந்து வேடிக்கை பார்த்துவிட்டு, பாட்டில் நீரோடு திரும்பும் கூட்டம் என்று வாயிற்காப்போர் கண்டுகொள்ளவே மாட்டார்கள். இன்று இந்தியர்களுக்கென்றே நடத்தப்படும் நடனக் கூடங்கள் வரிசையாக இருக்கின்றன. பஞ்சாபிப் பாட்டின் பறையடி தெருவின் மறுமுனை வரை கேட்கிறது. வாசலில் அட்டையை நீட்டிய இளைஞன் எங்களிடம் முதலில் "நமஸ்தே" என்றான், எங்கள் முகத்தில் அசைவில்லாததைக் கண்டு "வணக்கம் அண்ணா, வணக்கம் அக்கா" என்று மாற்றினான். தொழில் தெரிந்தவன். கஞ்சா விற்கும் கடைகள் பச்சை விளக்கோடு நூறடிக்கு ஒன்றாக இருக்கின்றன. 2022 ஜூனில் அதைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியதன் விளைவு. நான் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு நடந்தேன். முன்பு இந்தத் தெருவில் விளம்பர விளக்குகளைவிட அடர்த்தியாகத் தொங்கிய கருப்பு மின்கம்பிக் கற்றைகள் மண்ணுக்குள் போய்விட்டன. இத்தனை மாற்றங்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

2025 பிப்ரவரி 12, புதன்

இன்று மாக பூஜை, முழு நிலவு நாள். முன்னறிவிப்பின்றி 1,250 துறவிகள் புத்தரிடம் வந்து கூடியதை நினைவுகூரும் நாள். நாடு முழுவதும் மது விற்கக் கூடாது. நாங்கள் பயணத்தைத் திட்டமிட்டபோது இதைக் கவனிக்கவில்லை என்றாலும், பட்டாயாவைப் பார்க்க இதைவிட நல்ல நாள் கிடையாது.

காலையில் பட்டாயாவின் வடக்கே நாக்லுவாவின் கடல் முனையில் நிற்கும் சத்தியத்தின் சரணாலயத்துக்குப் போனோம். பாங்காக் அருகே 'பண்டைய நகரம்' திறந்தவெளி அருங்காட்சியகத்தை அமைத்த லெக் விரியபந்து 1981இல் தொடங்கிய கட்டடம். அவர் 2000இல் இறந்த பின்பும் வேலை நடக்கிறது. 105 மீட்டர் உயரம், முழுக்க மரம். இன்னும் கட்டுமானத்தில் இருப்பதால் நுழைவோர் எல்லோருக்கும் தலைக்கவசம் தருகிறார்கள். நான்கு கூடங்களில் ஒன்று இந்தியச் சிற்ப மரபுக்கு உரியது; சிவனும் பார்வதியும் பிள்ளையாரும் தேக்கிலும் பிற கடின மரங்களிலும் எழுந்து நிற்க, நாம் பழகிய கருங்கல் முகங்களிலிருந்து அவை சற்றே வேறுபட்டு, நீண்ட விழிகளோடு இருக்கின்றன.

ஆனால் என்னை அங்கே அதிக நேரம் நிறுத்தியது கட்டடத்தின் கடல் பக்கத்து வெளிச்சுவர். உப்புக் காற்றும் வெயிலும் பட்டு அங்கே மரம் சாம்பலாக வெளுத்து, இழை இழையாகப் பிரிந்திருக்கிறது. அப்சரஸ் ஒருத்தியின் உடல் வெளுத்துக் கிடக்க, முன்கை மட்டும் புதுத் தேன் நிறத்தில் இருந்தது. மூட்டிலிருந்து கழற்றிப் புதிதாகச் செதுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். பின்பக்கப் பட்டறையில் பெண்களும் ஆண்களும் உளியோடு அமர்ந்திருந்தார்கள். ஒரு பெண் தாமரை இதழின் ஓரத்தைக் கொத்துக்கு ஓர் அரிசியளவுக்கு மேல் எடுக்காமல் செதுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் முடியவில்லையே என்று பக்கத்தில் நின்றவர் சலித்துக்கொண்டார். ஒரு முனையில் கட்டும்போது மறுமுனை உளுத்துவிடும் கட்டடத்தை எப்படி முடிப்பது?

மாலையில் தெற்குப் பட்டாயாவின் வாட் சைமொங்கோன் கோயிலில் மக்கள் தாமரை மொட்டு, ஊதுவத்தி, மெழுகுவத்தி மூன்றையும் கூப்பிய கைக்குள் பிடித்தபடி, கோயிலை மூன்று முறை வலம் வந்தார்கள். உணவகச் சீருடையைக் கழற்ற நேரமில்லாமல் வந்தவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள், நேற்றிரவு வேறு உடையில் பார்த்திருக்கக்கூடிய முகங்கள் எல்லாம் ஒரே வரிசையில் இருந்தன. மனைவி பத்து அடி தள்ளி நடந்துகொண்டே மூன்றாவது சுற்றில் தானும் சேர்ந்துகொண்டாள். நேற்றுதான் நம் ஊரில் தைப்பூசம். அதைச் செய்யாத குறை அவளுக்குத் தீர்ந்திருக்கும்.

அங்கிருந்து வாக்கிங் ஸ்ட்ரீட் நடக்கும் தூரம்தான். தெரு இருண்டு கிடக்கும் என்று நினைத்துப் போனால், அது வேலைக் களமாக இருந்தது. ஒரு நடனக் கூடத்தின் சோபாக்களைத் தெருவில் இழுத்துப் போட்டு நுரை தேய்த்துக் கழுவினார்கள். ஏணி மேல் நின்ற இருவர் எரியாத எழுத்துக் குழாய்களை மாற்றினார்கள். இன்னொரு வாசலில் புது ஓடு பதித்து, அதன் மேல் யாரும் மிதிக்காமல் இருக்க நாற்காலி போட்டு ஒருவர் காவல் இருந்தார். ஆண்டு முழுவதும் விடியும்வரை கூட்டம் இருக்கும் தெருவில் (2023 டிசம்பரிலிருந்து இங்கே அதிகாலை நான்கு மணிவரை திறந்திருக்கலாம்) பழுதுபார்க்கக் கிடைக்கும் சில இரவுகளில் இது ஒன்று. சுற்றுலாவுக்குக் கேடு என்று இந்தத் தடையை நீக்கச் சொல்லி அரசு மட்டத்திலேயே இப்போது பேச்சு நடக்கிறது. நீக்கினால் தாய்லாந்துக்கு ஒரு நாள் வருமானம் கூடலாம். சோபாவை எப்போது கழுவுவார்கள் என்பது என் கேள்வி.

சோர்ந்துபோன ஐரோப்பிய இளைஞர் இருவர் சங்கிலிக் கடை ஒன்றின் மூடிய மதுக் குளிர்பெட்டியின் முன்னே நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதையும் பதிவு செய்ய வேண்டும்.

2025 பிப்ரவரி 13, வியாழன்

கோ லான் தீவுக்குப் பாலி ஹாய் படகுத்துறையிலிருந்து பயணிகள் படகில் போனோம். 30 பாட், முக்கால் மணி நேரம். நம் சுற்றுலா நிறுவனங்கள் 'கோரல் ஐலண்ட்' என்று அழைத்து, விரைவுப் படகில் அள்ளிச் சென்று, நடுக்கடல் மிதவையில் பாராசூட் விளையாட்டுக்குக் கட்டணம் கேட்கும் இடம் இதுதான். 2006இல் நானும் அப்படித்தான் போனேன். தீவைப் பார்த்த நினைவைவிட மிதவையில் வரிசையில் நின்ற நினைவே அதிகம். சாதாரணப் படகில் தீவுக்காரர்களின் காய்கறி மூட்டைகளோடும் எரிவாயு உருளைகளோடும் போவது எவ்வளவோ மேல்.

சமே கடற்கரையில் நீர் இன்னும் கண்ணாடிதான். சீனக் குழுக்கள் குறைந்திருக்கின்றன. கடந்த மாதம் சீன நடிகர் ஒருவர் தாய்லாந்து வழியாக மியான்மர் எல்லைக்குக் கடத்தப்பட்டு மீட்கப்பட்ட செய்தி அவர்களை அச்சுறுத்திவிட்டது என்று குடைக்காரர் சொன்னார். எண்ணிக்கை குறைந்தாலும் தீவின் சுமை குறைந்ததாகத் தெரியவில்லை. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் இடத்தில் குப்பையைக் கரைக்கு ஏற்றிச் செல்வது படகையும் கடலின் நிலையையும் பொறுத்தது. பல ஆண்டுகளாக ஏற்றியும் தீராத குவியல் தீவின் மறுபக்கத்தில் மலையாகக் கிடக்கிறது. வாடகை மோட்டார் சைக்கிளில் திரும்பும் வழியில் காற்று ஒரு கணம் திசை மாறியதும் அதை உணர்ந்தோம்.

படகு துறையை நெருங்கும்போது எதிரே எழுந்து நிற்கிறது பட்டாயாவின் மிகப் பெரிய பிழை. 53 மாடி அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கான்கிரீட் எலும்புக்கூடு. தாய்லாந்துக் கடற்படையின் தந்தை என்று போற்றப்படும் இளவரசர் சும்போனின் சிலை அதன் பின்னால் குன்றின் மேல் இருக்கிறது. கடலிலிருந்து சிலையை மறைக்கிறது என்ற எதிர்ப்பு கிளம்பி, 2014இல் வேலை நிறுத்தப்பட்டது. இடிப்பதா வேண்டாமா என்ற இழுபறியில் கட்டடம் அப்படியே நிற்கிறது. கீழ்த்தளங்களில் மழைக் கறை கருப்பாக வழிந்திருக்கிறது, சன்னலுக்கு விட்ட ஓட்டைகள் வழியே மறுபக்கத்து வானம் தெரிகிறது. ஊரெல்லாம் பழுதுபார்ப்பவர்கள் இதன் மேல் மட்டும் கைவைக்க முடியாமல் இருக்கிறார்கள். இங்கே உழைப்புக்கோ பணத்துக்கோ பஞ்சமில்லை. வழக்குக்கும் பஞ்சமில்லை என்பதுதான் சிக்கல்.

2025 பிப்ரவரி 14, வெள்ளி

கடைசி நாளை நாக்லுவாவின் லான் போ மீன் சந்தைக்கு ஒதுக்கியிருந்தோம். பட்டாயாவின் மீனவ முகம் இன்னும் மிச்சமிருக்கும் இடம் இது. உயிர் நண்டையும் இறாலையும் எடைக்கு வாங்கி, பக்கத்திலுள்ள அடுப்புக் கடையில் கொடுத்தால், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு சுட்டோ அவித்தோ தருகிறார்கள். மிளகாய், பூண்டு, எலுமிச்சை, மீன் சாறு கலந்த பச்சைத் துவையல் அதற்கு இலவசம். நண்டின் வயிற்றை அழுத்திப் பார்த்துக் காலியானவற்றை ஒதுக்கிய என் மனைவியை விற்பவள் ஒரு கணம் முறைத்தாள். அடுத்த கணம் தானே கனமானவற்றைப் பொறுக்கிப் போட்டாள்.

சுட்ட நண்டைக் கடற்கரைப் பூங்காவின் மேசையில் வைத்துச் சாப்பிட்டபோது, எதிரே வந்து அமர்ந்த ஆங்கிலேயப் பெரியவர், நாங்கள் கேட்காமலேயே பழைய பட்டாயா செத்துவிட்டது என்று தொடங்கினார். இந்தியர்கள் அதிகம், ரஷ்யர்கள் அதிகம், பீர் விலை அதிகம். அவர் வந்த காலத்தில் ஒரு பவுண்டுக்கு 70 பாட் கிடைத்தது, இன்று 42. பிரிட்டிஷ் அரசு அவருடைய ஓய்வூதியத்தை ஆண்டுதோறும் உயர்த்துவதும் இல்லை, ஏனென்றால் தாய்லாந்தில் குடியேறியவர்களுக்கு அந்த உயர்வு கிடையாது. கேட்கக் கேட்க, அவருடைய பட்டாயாவைக் கொன்றது இந்தியர்களா நாணய மாற்றா என்று நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். நண்டு ஆறிக்கொண்டிருந்தது. ஜோம்தியனில் வாடகை குறைவா என்று பேச்சை மாற்றினேன். அங்கே தெருவுக்குத் தெரு ரஷ்ய எழுத்துதான் என்று அதற்கும் பெருமூச்சு விட்டார்.

விடுதிக்குத் திரும்பி மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் கதவைத் தட்டினார். வாசலில் இருந்த பிளெக்ஸ் பலகையைக் கழற்றித் தரையில் விரித்திருந்தார். மேலே தாய் எழுத்து, அடுத்து ஆங்கிலம், ரஷ்யம், கடைசியில் பெரிதாகச் சீனம். சீன வரியை எடுத்துவிட்டு இந்தி போடப் போவதாகவும், அச்சடிப்பவன் கணினியிலிருந்து எடுத்துக் கொடுத்த இந்தி வரி சரியா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். எனக்கு இந்தி அரைகுறையாகத்தான் தெரியும், இந்தியாவிலிருந்து வரும் எல்லோரும் இந்தி படிப்பவர்களும் அல்ல என்றேன். அவர் முகத்தில் உடனே கணக்கு ஓடியது: அப்படியானால் எத்தனை வரி வேண்டும்?

தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று நான் விரல் விட்டு எண்ணத் தொடங்க, அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். பலகை அவ்வளவு நீளம் இல்லை. ஒரு தாளையும் பேனாவையும் நீட்டி, என் எழுத்தில் ஒரு வரி மட்டும் எழுதித் தரச் சொன்னார். 'குடும்பத்துடன் தங்க அறைகள் உண்டு' என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தவர், இவ்வளவு நீளத்துக்கு அச்சுக்கூலி கூடும், சுருக்கிவிட முடியுமா என்றார். முதல் இரண்டு சொற்களையும் அடித்துவிட்டேன். என் மனைவி தாளைப் பிடுங்கி, 'குடும்பத்துடன்' என்பதை மறுபடி எழுதி, பேருந்துக்கு நேரமாகிறது என்று பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினாள்.